மீட்பு பார்டர் கோலியை முயல் வேட்டைக்குப் பழக்குவது எப்படி? கண்ணால் கட்டிப்போடுகிறாள், வாய் வைக்க மாட்டேன் என்கிறாள்

ஈரமண் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ஐந்து வாரத்துக்கு முன் காப்பகத்திலிருந்து ஒரு பார்டர் கோலியை, அதாவது ஆடு மேய்க்கும் இன நாயை, தத்தெடுத்தோம். பெண். பல்லைப் பார்த்து மூன்று வயது இருக்கும் என்றார்கள். உடம்பெல்லாம் கருப்பு, நெற்றியில் சோழியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வெள்ளை. அதனால் பெயர் சோழி. முன்பு யாரிடம் இருந்தாள், என்ன பட்டாள் என்று எதுவும் தெரியாது. கதவு அறைந்து சாத்தினால் மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்கிறாள்.

நண்பர் ஒருவரின் பழத்தோட்டத்தில் முயல் தொல்லை அதிகம். நட்டு இரண்டு வருஷம் ஆன கன்றுகளின் பட்டையைச் சுற்றிக் கடித்துவிடுகின்றன. வளையமாகப் பட்டை போய்விட்டால் கன்று பிழைக்காது. அவர்தான் “நாயை அழைத்து வாருங்கள், பழக்கிப் பார்ப்போம்” என்றார். வேட்டைக்கு அவருடைய முழுச் சம்மதமும் இருக்கிறது.

போன வாரம் பொழுது சாயும் நேரத்தில் போனோம். நாற்பதடி தள்ளி ஒரு முயல். சோழி அப்படியே தரையோடு தரையாகப் படிந்தாள். முன்னங்கால் ஒன்று பாதி தூக்கியபடி நின்றது. கண் இமைக்கவில்லை. முயலும் அசையவில்லை. ஏழெட்டு நிமிஷம் இரண்டும் இப்படியே. பிறகு முயல் ஓடியதும் இவள் அதன் பின்னால் ஓடவில்லை. அகலமாக ஒரு வட்டம் அடித்து அதற்கு முன்னால் போய் நின்றாள். முயல் இவள் முகத்துக்கு எதிரே வந்து, வெட்டித் திரும்பி, வளைக்குள் போய்விட்டது. வாயைத் திறந்திருந்தால் பிடித்திருக்கலாம். திறக்கவில்லை. அதற்குப் பிறகு நான் தொண்டை கிழியக் கூப்பிட்டும் வளை வாசலை விட்டு வரவில்லை. கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன்.

பிடிக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?


புதர்நடை

உங்க நாய்கிட்ட குறை ஒண்ணும் இல்லீங்க. நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு ஆசையா இருந்துச்சு, இப்படி ஒரு நாயை நேர்ல பார்க்கணும்னு.

வேட்டைங்கிறது நாய்க்கு ஒரே செயல் இல்ல, அது ஒரு சங்கிலி. கண்டுபிடிக்கணும், முறைக்கணும், பதுங்கணும், துரத்தணும், கவ்வணும், கொல்லணும். ஒவ்வொரு இனத்துல ஒவ்வொரு கண்ணி தடிச்சிருக்கும், சிலது தேஞ்சிருக்கும். வளைக்குள்ள புகுந்து பிடிக்கிற சின்ன நாய் டெரியர், அதுல கவ்விக் கொல்ற கண்ணி தடிமன். பார்டர் கோலியில முறைக்கிறது, பதுங்குறது, வளைச்சு ஓடுறது மூணும் தடிச்சுப் போய், கடைசி ரெண்டு கண்ணி கிட்டத்தட்ட தேஞ்சு போச்சு. ஆட்டைக் கடிக்கிற நாயை எந்தக் கிடைக்காரன் வச்சிருப்பான்? தலைமுறை தலைமுறையா கடிக்காத நாய்லேருந்துதான் குட்டி எடுத்திருக்காங்க.

அதனாலதான் முயல் வேட்டைக்காரங்க சுத்தமான கோலியை ஓடிப் பிடிக்க வைக்கிறது குறைவு. கிரேஹவுண்டோட கோலியைக் கலந்து லர்ச்சர்னு ஒரு நாய் எடுப்பாங்க. கால் கிரேஹவுண்டோடது, மூளை கோலியோடது. நான் இருபது வருஷத்துக்கு மேல அப்படிக் கலப்பு நாய்களோடதான் நடந்தேன். முயல் கிட்டத்துல போய் வெட்டித் திரும்பும்போது கூடவே திரும்பி, தலையை இறக்கி ஒரே கவ்வு. அந்த இறக்கத்தை ஒரு கோலிக்கு நீங்க சொல்லிக் கொடுக்க முடியாது. பத்துல ஒண்ணு தானா செய்யும். மத்ததுங்க செய்யாது.

ஆனா முயல் வேட்டைல பிடிக்கிறதைத் தவிர வேற வேலையும் இருக்கு, அதை இவ அருமையா செய்வா. அதைப் பிறகு எழுதுறேன். முதல்ல ஒரு கேள்வி: முயல் கண்ணுல பட்ட பிறகு நீங்க சொல்றது இவ காதுல ஏறுதா?


ஈரமண்

இல்லை. வீட்டுக்குள் ஒரே கூப்பிட்டில் வருகிறாள். தோட்டத்தில் நான் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.


கூண்டுக்கதவு

நான் நாய்க் காப்பகம் ஒன்றில் எட்டு வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம், மன்னிக்கவும்.

ஐந்து வாரம் என்பது மிகக் குறைவு. எங்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: புது வீட்டில் மூச்சு விட மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், ‘இது என் வீடு’ என்று நம்ப மூன்று மாதம். எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தாது, ஆனால் கதவுச் சத்தத்துக்கு மேசைக்கு அடியில் போகிறவள் இன்னும் நம்பவில்லை என்பது மட்டும் உறுதி. அப்படிப்பட்டவளை இரை விலங்கின் முன்னால் கயிறில்லாமல் விட்டிருக்கிறீர்கள். அவள் ஓடிப் போயிருந்தால்? வளை வாசலில் படுத்தது உங்கள் நல்ல நேரம்.

இன்னொன்று. துரத்தும் ஆசையை ஊட்டி வளர்த்துவிட்டால், அது முயலோடு நிற்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. பூனை, கோழி, பக்கத்து வயல் ஆடு எல்லாம் வரிசையில் வரும். ஆட்டைத் துரத்தும் நாயைச் சுட்டுவிட ஆட்டுக்காரருக்குச் சட்டமே இடம் கொடுக்கும் நாடுகள் உண்டு. தத்தெடுக்கும்போது கையெழுத்திட்ட தாளையும் எடுத்துப் படியுங்கள். வேட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சில காப்பகங்கள் அதில் எழுதியிருக்கும்.


வேகக்கால்

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. அனுபவமுள்ள ஒரு லர்ச்சரோடு நாலு தடவை அனுப்புங்கள், பார்த்துக் கற்றுக்கொள்ளும். இல்லையென்றால் உயிரோடு ஒரு முயலைப் பிடித்து அடைப்புக்குள் விட்டுப் பழக்குங்கள். முதல் ருசி கண்டுவிட்டால் பிறகு நிறுத்த முடியாது.


புதர்நடை

வேகக்கால், நீங்க எழுதின கடைசி வரியிலேயே பதில் இருக்கு. “பிறகு நிறுத்த முடியாது.” நிறுத்த முடியாத நாய் வேட்டை நாய் இல்லீங்க, தறிகெட்ட நாய்.

அடைப்புக்குள்ள உயிர் முயலை விடுறது வேட்டையே இல்ல. அது தப்பிக்க வழி இல்லாத பிராணியை வதைக்கிறது. பல நாட்டுல அது தனிக் குற்றம். எத்தனையோ நாயைப் பழக்கியிருக்கேன், ஒண்ணுக்குக்கூட அப்படிச் செய்யல. லர்ச்சரோட அனுப்புற யோசனையும் வேண்டாம். ரெண்டு நாய் சேர்ந்தா வெறி ரெண்டு மடங்கு, காது பாதி.


கூண்டுக்கதவு

நன்றி புதர்நடை. சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கே இருக்கிறீர்களோ அந்த இடத்துச் சட்டத்தை முதலில் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004 வேட்டைச் சட்டம் நிலத்துக்காரர் சம்மதத்தோடு நாய் வைத்து முயல் பிடிக்க விடுகிறது, ஆனால் ‘ஹேர்’ எனப்படும் பெரிய காட்டு முயலுக்கு அந்த விலக்கு இல்லை. இந்தியாவில் காட்டு முயல் 1972 வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது, அங்கே வேட்டை குற்றம். தமிழில் இரண்டையும் முயல் என்றே சொல்லிவிடுகிறோம். வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது ஒன்று, தரையில் சிறு பள்ளத்தில் தனியாகப் படுப்பது இன்னொன்று. ஈரமண் எழுதியதில் வளை இருப்பதால் முதல் வகை என்று எடுத்துக்கொள்கிறேன்.


கிடைக்காவல்

ஆட்டுக் கிடையோடு பார்டர் கோலிகளை வைத்து வாழ்கிறவன் நான். முயல் வேட்டை பற்றி அதிகம் தெரியாது. ஆனால் அந்த ஏழெட்டு நிமிஷ முறைப்பு என்ன என்று தெரியும்.

நாங்கள் அதை ‘கண்’ என்றுதான் சொல்வோம். “இந்த நாய்க்குக் கண் கூடுதல்” என்போம். இன்றைய பார்டர் கோலிகள் ஏறக்குறைய எல்லாமே ஹெம்ப் என்ற ஒரே நாயின் வழி வந்தவை. 1893-ல் இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில் பிறந்தது. வளர்த்தவர் ஆடம் டெல்ஃபர். அதன் தகப்பன் ராய் கலகலப்பானது, கண் வேலை கம்மி. தாய் மெக் கண் மிகுந்தது, அதிகம் கூச்சம். இரண்டும் கலந்து பிறந்த ஹெம்ப் குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆட்டை நகர்த்தியது. 1901-ல் செத்துப்போனது. அதற்குள் நூற்றுக்கணக்கில் குட்டிகள். உங்கள் சோழி முயலின் முன்னால் கிடந்தது அந்த ரத்தம்தான்.

கண் கூடுதலான நாய்க்கு ஒரு சிக்கல் உண்டு, ஒட்டிக்கொள்ளும். பார்வை ஒட்டிவிட்டால் கால் வராது, காதும் வராது. கத்துவதால் பயனில்லை. கத்தக் கத்த இன்னும் இறுகும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முயல் கண்ணில் படும் இடத்துக்கே போக வேண்டாம். முதலில் ‘படு’ ஒன்றை மட்டும் கற்றுக்கொடுங்கள். வீட்டுக்குள், சோற்றுத் தட்டுக்கு முன்னால், வாசலில், பந்து உருளும்போது. வாய்ச் சொல்லோடு விசிலையும் சேருங்கள், நீளமாக ஒரே ஊதல். கோபமோ பதற்றமோ உங்கள் குரலில் ஏறும், விசிலில் ஏறாது. பயந்த நாய்க்கு இது பெரிய உதவி.

பிறகு பதினைந்து மீட்டர் கயிறு. மார்புப் பட்டையில் கட்டுங்கள், கழுத்தில் கட்டாதீர்கள். ஓடிப்போய் கயிறு முடியும் இடத்தில் சுண்டினால் கழுத்து என்னாவது? கயிறு இழுப்பதற்கு இல்லை, தரையில் கிடந்து அவளோடு வரட்டும். பந்தை வீசுங்கள், அவள் பாதி தூரம் போனதும் விசில். படுத்தால் அந்த நொடியே நீங்கள் நடந்துபோய்ப் பரிசு கொடுங்கள். அவளை உங்களிடம் வரச் சொல்லாதீர்கள். படுத்த இடத்திலேயே நல்லது கிடைக்கும் என்று அவள் உடம்பு கற்க வேண்டும். படுக்கவில்லை என்றால் திட்டாதீர்கள், தூரத்தைக் குறையுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் தவறுவார்கள். பந்துக்குப் படுத்துவிட்டாள் என்று அடுத்த நாளே முயலுக்குக் கூட்டிப்போவார்கள். பந்துக்கும் முயலுக்கும் நடுவில் பத்துப் படி இருக்கிறது. புறா மேயும் புல்வெளி, வேலிக்கு அப்பால் நிற்கும் ஆடு, தொலைவில் ஓடும் இன்னொரு நாய் என்று ஒவ்வொன்றாக ஏறுங்கள். கண் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு நொடி உண்டு. காது இரண்டும் முன்னால் திரும்பும், வாய் மூடும், தலை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்கும். விசில் அந்த நொடியில் விழ வேண்டும். தலை இறங்கிய பிறகு ஊதினால் காற்றுக்குத்தான் ஊதுகிறீர்கள்.

கடைசியாக ஒரு சொல், ‘போதும்’. வேலை முடிந்தது, திரும்பி வா என்று பொருள். சொன்னால் உலகமே காத்திருந்தாலும் விட்டு வர வேண்டும். அதற்குப் பரிசு பெரிதாக இருக்கட்டும்.


ஈரமண்

கிடைக்காவல் ஐயா, இதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வாய் மூடுவதை நானும் பார்த்தேன், அதற்கு அர்த்தம் இருக்கிறது என்று தெரியாமல் இருந்தது.

கூண்டுக்கதவு, நீங்கள் சொன்னது சுட்டது, ஆனால் உண்மை. கயிறில்லாமல் விட்டது என் பிழை. தத்துத் தாளைப் பார்த்தேன், வேட்டை பற்றி ஒன்றும் இல்லை. இருந்தாலும் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். தோட்டத்துக்காரரிடமும் மூன்று மாதம் வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

துப்பாக்கி பற்றி ஒரு கேள்வி. அவரிடம் உரிமத்தோடு ஒன்று இருக்கிறது. இவள் காட்டிக்கொடுக்க அவர் சுடலாமா?


கிடைக்காவல்

கதவுச் சத்தத்துக்கு ஒடுங்குகிற நாயின் பக்கத்தில் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். இந்த இனத்துக்கே சத்தப் பயம் அதிகம். ஒரு வெடி போதும், மூன்று மாதமாகக் கட்டிய நம்பிக்கை போய்விடும். பிறகு விசிலுக்கும் பயப்படுவாள், அந்த வயலுக்கும் பயப்படுவாள்.


மருந்துப்பை

கால்நடை மருத்துவர். வேட்டையில் எனக்கு விருப்பம் இல்லை, ஆனால் போகத்தான் போகிறீர்கள் என்றால் நாய் நலமாகத் திரும்ப வேண்டும்.

முயலின் குடலையும் ஈரலையும் நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள். நாய் நாடாப்புழு ஒன்றின் இளம்பருவம் முயலின் வயிற்றுக்குள், பட்டாணி அளவு நீர்க்கொப்புளங்களாக இருக்கும். நாய் தின்றால் அதன் குடலில் முழுப் புழுவாகும். பூச்சி மருந்தை ஒழுங்காகக் கொடுங்கள். மிக்ஸோமடோசிஸ் என்ற முயல் நோய் வந்த முயல் கண் வீங்கித் தடுமாறும், அது நாய்க்கு ஒட்டாது. துலரேமியா என்ற கிருமி நோய் வேறு. உண்ணி வழியாகவும், செத்த முயலைத் தொடுவதாலும் மனிதருக்கே வரும். முயலை உரிக்கும்போது கையுறை போடுங்கள்.

கோலி வகை நாய்களில் சிலவற்றுக்கு எம்.டி.ஆர்.1 என்ற மரபணு மாற்றம் உண்டு. பார்டர் கோலியில் குறைவு, ஆனால் சோழியின் தாய் தகப்பன் யார் என்று உங்களுக்குத் தெரியாது. இந்த மாற்றம் உள்ள நாய்க்கு ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து அதிக அளவில் போனால் நரம்பைத் தாக்கும். ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள், வாயிலிருந்து எடுக்கும் மாதிரியே போதும்.

மேலும் ‘பார்டர் கோலி மயக்கம்’ என்று நாங்கள் சொல்வது உண்டு. ஐந்து முதல் பதினைந்து நிமிஷம் வெறித்தனமாக ஓடிய பின், முக்கியமாக வெயிலில், நாய் தள்ளாடும், பின்னங்கால் இழுபடும், பார்வை மங்கிய மாதிரி நிற்கும். உடனே ஓட்டத்தை நிறுத்தி நிழலில் குளிர்விக்க வேண்டும். இந்த இனம் தானாக நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.


புதர்நடை

இப்ப நான் பாக்கி வச்சதை எழுதுறேன்.

முயல் வளையில வேட்டையாடுற பழைய முறை ஒண்ணு இருக்கு. வளை வாய்க்கெல்லாம் சுருக்குப்பை மாதிரி வலை விரிச்சு, உள்ள ஃபெரெட்டை விடுவாங்க. கீரி மாதிரி நீளமா, ஒல்லியா இருக்கிற வளர்ப்புப் பிராணி. அது உள்ள போனதும் முயல் வெளிய பாயும், வலை சுருங்கும், கையால எடுத்து நொடியில முடிச்சிடலாம். துப்பாக்கி இல்ல, துரத்தல் இல்ல.

இதுல நாயோட வேலை என்ன தெரியுமா? எந்த வளையில முயல் இருக்குன்னு சொல்றது. முப்பது வாய் இருக்கிற மேட்டுல ஆள் இல்லாத வளைக்கு வலை விரிச்சா அரை நாள் போச்சு. நல்ல நாய் ஒவ்வொரு வாயா மோந்துக்கிட்டே போய், இருக்கிற இடத்துல நிக்கும். குரைக்காது, தோண்டாது. தோண்டினா முயல் வெளிய வராது, ஃபெரெட் வாயில மாட்டினாலும் மாட்டும், ஆனா வராது.

கொஞ்சம் யோசிங்க. குரைக்காம, தோண்டாம, அசையாம ஒரு வளை வாசல்ல நிக்கிறது. உங்க சோழி முதல் நாளே, யாரும் சொல்லாம, அதைத்தான் செஞ்சா. நீங்க கழுத்தைப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்துட்டீங்க.

காய்ஞ்ச முயல் தோல் துண்டை மூணு டப்பால ஒண்ணுல ஒளிச்சு வச்சு ஆரம்பிங்க. சரியான டப்பா முன்னால நின்னா பரிசு. அப்புறம் தோட்டத்துல குழாய்த் துண்டு புதைச்சுப் பண்ணுங்க. மேட்டுக்குப் போறது குளிர்காலத்துல வச்சுக்குங்க. புதர் வாடியிருக்கும், வாயெல்லாம் தெரியும். வளைக்குள்ள குட்டியும் குறைவா இருக்கும். குட்டி இருக்கிற காலத்துல ஃபெரெட்டை விட்டா அது உள்ளயே தின்னுட்டுப் படுத்துக்கும். அதைவிட, குட்டி போட்ட முயலைத் தொடாம விடறதுதான் முறை.


மண்வெட்டி

வேட்டைக்கு நடுவில் ஒரு தோட்டக்காரன் சொல்கிறேன். எத்தனை முயல் பிடித்தாலும் கன்றைக் காப்பது வேலிதான். 31 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பிவலை, தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர் உயரம், அடியில் 15 சென்டிமீட்டரை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணில் பதியுங்கள். முயல் வேலியோரம் தோண்டும்போது வலை தட்டுப்படும். கருவுற்று ஒரே மாதத்தில் ஈனும் பிராணி அது. நாயும் வலையும் மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது.


ஈரமண் (நாலரை மாதம் கழித்து)

நண்பர்களே, மறந்துவிடவில்லை. சொல்வதற்கு ஏதாவது சேரட்டும் என்று இருந்தேன்.

மரபணுச் சோதனை செய்தோம், மாற்றம் இல்லை. காப்பகம் நீளமாகப் பதில் எழுதியது. நாயைக் கொல்லப் பழக்க வேண்டாம், மோப்ப வேலை என்றால் மகிழ்ச்சி என்றார்கள். வேலியை மண்வெட்டி சொன்ன அளவில் தோட்டத்துக்காரர் பாதிக்கு மேல் போட்டுவிட்டார். கதவுச் சத்தத்துக்குச் சோழி இப்போதும் திடுக்கிடுகிறாள், ஆனால் மேசைக்கு அடியில் போகாமல் என் காலடிக்கு வருகிறாள்.

‘படு’ பதினொன்றாம் வாரம்தான் பிடிபட்டது. புறாவில் மூன்று வாரம் நின்றுவிட்டோம். ஒரு நாள் வேலிக்கு அப்பால் ஆடு, இவள் வாய் மூடியது, ஊதினேன், விழுந்தாள். புல்லில் மோவாய் படிந்து கிடந்தாள், கண் மட்டும் ஆட்டின் மேல். அப்புறம் மெதுவாகக் கண் என் பக்கம் திரும்பியது. நான் நடந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கையில் வைத்திருந்த பரிசு முழுவதையும் கொடுத்தேன்.

போன ஞாயிறு புதர்நடை தனி மடலில் சொன்னபடி, ஃபெரெட் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரோடு மேட்டுக்குப் போனோம். உறைபனி. சோழி கயிற்றோடுதான். முதல் இரண்டு வாய்களை மூக்கால் தொட்டுவிட்டுத் தாண்டினாள். மூன்றாவதில் நின்றாள், போய்விட்டாள், நாலடி போனவள் திரும்பி வந்தாள். தலையை உள்ளே விடவில்லை. வாயின் ஓரத்தில் மூக்கை வைத்து, மேலுதடு இலேசாகத் துடிக்க, ஒரு காதை மட்டும் தரைப் பக்கம் சாய்த்தாள். வால் பாதி இறங்கிய நிலையில் அசையாமல் நின்றது. வாலின் நுனி மயிரில் பனித்துளி ஒன்று தொங்கியது, அதுகூட விழவில்லை. பெரியவர் என் தோளைத் தொட்டு, பேசாமல், அந்த வாயைச் சுட்டினார்.

‘போதும்’ என்றேன். வந்துவிட்டாள். இருபதடி தள்ளிப் படுக்க வைத்தேன். வலை விரித்தோம். ஃபெரெட் உள்ளே போனது. மண்ணுக்குள் தட் தட் என்று முயல் பின்னங்காலால் அடிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு முயல் வலையில் வந்தன. மூன்றாவது நாங்கள் வலை விரிக்காத ஒரு வாய் வழியாக வெளியே பாய்ந்து, சோழிக்கு நாலடி முன்னால் ஓடியது. அவள் பாதி எழுந்துவிட்டாள். ஊதினேன்.

படுத்தாள். உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. முயல் வேலியோரம் போய் மறைந்தது. அதைப் பற்றி எனக்குத் துளி வருத்தமும் இல்லை.


கிடைக்காவல்

பாதி எழுந்த நாய் திரும்பப் படுப்பதைப் பார்க்க எனக்கு முதல் நாயோடு ஒரு வருஷம் ஆனது. நல்ல கை உங்களுக்கு.


புதர்நடை

மூணாவது வாயில நின்னு, போய், திரும்பி வந்தான்னு எழுதினீங்களே, அதுதாங்க. சந்தேகப்பட்டு உறுதி பண்ணிக்கிட்டா. அடுத்த தடவை அவ தாண்டிப் போன வாய்க்கும் ஒரு வலை போட்டுடுங்க. ஆள் இல்லைன்னு அவ சொன்னது அந்த வாய்க்குத்தான், உள்ள வழி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கும். உங்க மூணாவது முயல் அப்படித்தான் தப்பிச்சிருக்கும்.


ஈரமண்

ஆமாம், அவள் தாண்டிய இரண்டாவது வாய் வழியாகத்தான் வந்தது. ஒரு சந்தேகம்: ஃபெரெட் வெளியே வரும்போது சோழி அதையும் முறைக்கிறாள். கயிற்றை எப்போது எடுக்கலாம்?


புதர்நடை

இந்தக் குளிர்காலம் முழுக்க எடுக்காதீங்க. ஃபெரெட்டைக் கூண்டோட அவ பக்கத்துல வச்சு, அவ சும்மா படுத்திருந்தா பரிசு. தினமும் பத்து நிமிஷம். அவ கொட்டாவி விட்டு முகத்தைத் திருப்பிக்கிற நாள் வரும். அதுக்குப் பிறகு எனக்கு எழுதுங்க.